கடற்கரை வீட்டுக்கு ரோபோ வேக்யூம் சரிப்பட்டு வருமா? வாங்கும் முன் அளக்க வேண்டியவை, வாங்கிய பின் செய்ய வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோவளம் பீச்சுக்குப் போய்விட்டு வீடு திரும்பினால், பிள்ளைகளின் காலோடு ஒரு கைப்பிடி மணலும் கூடவே வந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் இருப்பவர்களுக்குத் தொல்லை மணல். கேளம்பாக்கம், படூர், சிறுசேரி பக்கம் புதுக் கட்டடங்களின் சிமெண்ட் தூசி. கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், செங்கல்பட்டு பக்கம் ஜிஎஸ்டி சாலையின் புழுதி. "காலையில பெருக்கினேன், மத்தியானமே காலில் நறநறன்னு இருக்கு" என்பது செங்கல்பட்டு மாவட்டத்தில் பல வீடுகளில் கேட்கும் புலம்பல்.

அதனால்தான் தட்டு மாதிரி வட்டமாக, தானாக ஓடித் தரையைச் சுத்தம் செய்யும் ரோபோ வேக்யூம் கிளீனர் பக்கம் பலரின் பார்வை திரும்பியிருக்கிறது. ஆனால் 25 ஆயிரம், 30 ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மெஷின், ஒரே மழைக்காலத்தில் மூலையில் உட்கார்ந்துவிட்டால்? விளம்பரத்தில் காட்டப்படும் வீடும் நம்ம ஊர் வீடும் ஒன்றல்ல. இங்கே மணல் உண்டு, உப்புக்காற்று உண்டு, அறைக்கு அறை படி உண்டு, பூஜை அறையில் விளக்கும் உண்டு. இதையெல்லாம் கணக்கில் வைத்து எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பராமரிப்பது என்பதை இங்கே பார்க்கலாம்.

ரோபோ வேக்யூம் என்ன செய்யும், என்ன செய்யாது?

சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 2001-ல் 'டிரைலோபைட்' என்ற ரோபோ கிளீனரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் 'ரூம்பா'வை இறக்கியது. அதற்குப் பிறகுதான் இது வீட்டுச் சாமான்களில் ஒன்றாக மாறியது.

அடிப்படை வேலை எளிமையானது. ஓரத்தில் சுழலும் சிறிய பிரஷ், மூலையில் கிடக்கும் தூசியை நடுவுக்குத் தள்ளும். நடுவில் இருக்கும் உருளை பிரஷ் அதை மேலே தூக்கும். உள்ளே இருக்கும் மோட்டார் உறிஞ்சிக் குப்பைப் பெட்டியில் சேர்க்கும். பல மாடல்களில் பின்பக்கம் ஈரத்துணி இருக்கும். அது தரையைத் துடைத்துக்கொண்டே வரும்.

தினசரி தூசி, முடி, உணவுத் துணுக்கு, காய்ந்த மணல் ஆகியவற்றுக்கு இது நல்ல துணை. ஆனால் படிக்கட்டு ஏறாது. ஒட்டடை அடிக்காது. பாத்ரூம் கழுவாது. சாம்பார் கொட்டிய இடத்தைப் பழைய துணியால் நாம்தான் துடைக்க வேண்டும். துடைப்பத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். தினமும் பெருக்குவதை வாரம் ஒன்றிரண்டு முறையாகக் குறைக்கும் என்று எதிர்பார்த்தால் சரியாக இருக்கும்.

வாங்கும் முன் ஒரு ஸ்கேல் எடுங்க

கடைக்குப் போவதற்கு முன், வீட்டுக்குள் ஒரு சுற்று வந்து இவற்றை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

* நிலைப்படி உயரம்: பெரும்பாலான ரோபோக்கள் ஏறக்கூடிய உயரம் சுமார் 2 சென்டிமீட்டர்தான். ஹாலுக்கும் அறைக்கும் நடுவே 4, 5 சென்டிமீட்டர் படி இருந்தால் ஒவ்வொரு அறைக்கும் நீங்களே தூக்கி வைக்க வேண்டும். சறுக்கும் கண்ணாடிக் கதவின் தண்டவாளத்தையும் அளங்க.
* கட்டில், சோபா அடி: ரோபோக்களின் உயரம் பெரும்பாலும் 8 முதல் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கும். கட்டிலுக்கு அடியில் அதைவிட ஒரு சென்டிமீட்டராவது கூடுதல் இடம் இருந்தால்தான் உள்ளே போய் வெளியே வரும். இல்லைன்னா உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.
* தரையின் நிறம்: ரோபோவின் அடியில் பள்ளம் பார்க்கும் சென்சார்கள் இருக்கும். அவை ஒளியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புகிறதா என்று பார்த்து, மாடிப்படியில் விழாமல் காக்கின்றன. கறுப்பு கிரானைட், கடப்பா கல் போன்ற கருந்தரை ஒளியை உறிஞ்சிவிடுவதால், சில மாடல்கள் அதைப் பள்ளம் என்று நினைத்து நின்றுவிடும். கருந்தரை இருந்தால் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குவது நல்லது.
* கண்ணாடிச் சுவர்: கடலைப் பார்த்த வீடுகளில் தரை வரை கண்ணாடி வைத்திருப்பார்கள். லேசர் கதிரால் வழி பார்க்கும் ரோபோவுக்குக் கண்ணாடி குழப்பம் தரும். கண்ணாடியின் அடிப்பகுதியில் ஒளி ஊடுருவாத ஸ்டிக்கர் பட்டை ஒட்டினால் பல நேரம் சரியாகிவிடும்.
* வைஃபை: பல மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். வீட்டு ரவுட்டரில் அது இருக்கிறதா, சார்ஜர் வைக்கும் இடத்தில் சிக்னல் வருகிறதா என்று பாருங்க.

"எத்தனை பாஸ்கல்?" என்பது முதல் கேள்வி அல்ல

கடையிலும் ஆன்லைனிலும் முதலில் சொல்வது உறிஞ்சும் திறன். 3,000 பாஸ்கல், 8,000 பாஸ்கல், 20,000 பாஸ்கல் என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். பாஸ்கல் என்பது காற்றழுத்த வேறுபாட்டின் அளவு. தடிமனான கார்ப்பெட்டில் புதைந்த தூசியை இழுக்க அது அதிகம் வேண்டும். நம்ம வீடுகளில் பெரும்பாலும் டைல்ஸ், மொசைக், கிரானைட், சிவப்பு சிமெண்ட் தரைதான். வழவழப்பான தரைக்கு 3,000, 4,000 பாஸ்கலே தினசரி தூசிக்குப் போதும்.

மணலில் சிக்கலே வேறு. மணல் துகள் தூசியைவிடக் கனமானது. வேகமாகச் சுழலும் ஓர பிரஷ் அதைப் பிடிப்பதற்குப் பதில் அறை முழுக்கச் சிதறடித்துவிடும். அதனால் கடற்கரை வீட்டுக்கு மாடல் தேர்ந்தெடுக்கும்போது, ஓர பிரஷின் வேகத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்க. சில மாடல்களில் 'குவயட்' அமைப்பில் ஓடவிட்டாலே பிரஷ் மெதுவாகச் சுற்றும். ஒரே அறையை இரண்டு முறை சுற்றும் வசதியும் மணலுக்குக் கைகொடுக்கும்.

மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. கிரானைட் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலுக்கு ஆபத்தானது. ஃபில்டர் சரியில்லாத வேக்யூம், முன்பக்கம் உறிஞ்சிய நுண்தூளைப் பின்பக்கம் காற்றிலேயே விட்டுவிடும். வீட்டுக்குள் வரும் லேசான தூசிக்கு ஹெபா வகை ஃபில்டர் உள்ள மாடலாகப் பாருங்க. கல் செதுக்கும் கூடத்துக்குள் எந்த வீட்டு ரோபோவையும் ஓடவிட வேண்டாம். அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டது அல்ல.

எந்த வகை யாருக்கு?

விலை அடிக்கடி மாறும். சலுகைக் காலத்தில் இன்னும் குறையும். ஆனால் சந்தையில் இருப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. மேப் போடாதவை: சுமார் 10 முதல் 15 ஆயிரம் ரூபாய். முட்டி மோதி, திரும்பித் திரும்பிச் சுத்தம் செய்யும். ஒரே ஹால், ஒரே படுக்கையறை உள்ள சின்ன வீட்டுக்குப் போதும். விட்ட இடத்தையே மறுபடி சுற்றும், சில மூலைகளை மறந்துவிடும்.
2. லேசர் வழிகாட்டி உள்ளவை: சுமார் 20 ஆயிரம் ரூபாயில் தொடங்கும். மேலே சிறிய கோபுரம் போல இருப்பதுதான் லைடார் எனும் லேசர் கருவி. வீட்டை அளந்து மொபைலில் வரைபடமாகக் காட்டும். இருட்டிலும் வேலை செய்யும். "இந்த இடத்துக்குப் போகாதே" என்று கோடு போடலாம். இரண்டு, மூன்று படுக்கையறை உள்ள பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே சரியான தேர்வு.
3. தானாகக் குப்பை கொட்டிக்கொள்பவை: சார்ஜரோடு பெரிய தொட்டி இருக்கும். ரோபோ திரும்பி வந்ததும் குப்பையை அதில் இழுத்துக்கொள்ளும். மாப் துணியைத் துவைத்து உலர்த்தும் மாடல்கள் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுவதும் உண்டு. முட்டி வலி, இடுப்பு வலியால் குனிய முடியாத பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு இந்தச் செலவில் அர்த்தம் உண்டு. ஆனால் காகிதப் பை, அழுக்குத் தண்ணீர்த் தொட்டி என்று பராமரிப்பும் கூடும்.

பூஜை அறைக்குக் கோடு போடும் வசதியைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். தரையில் எரியும் விளக்கை ரோபோ இடித்தால் தீ விபத்தில் முடியலாம். கோலப்பொடி மிக நுண்ணிய தூள் என்பதால் ஃபில்டரை அடைத்துவிடும். பூஜை அறை, வாசல் கோலம், நவராத்திரி கொலு வைத்த இடம் மூன்றையும் தடை செய்த பகுதியாகக் குறித்துவிடுங்க.

மணல்: வாசலிலேயே நிறுத்துங்க

பராமரிப்பில் பாதி வேலை ரோபோவைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும். வாசலில் நார் மிதியடி ஒன்று, பக்கத்தில் கால் கழுவத் தண்ணீர். பீச்சிலிருந்து வந்ததும் துண்டு, செருப்பு எல்லாவற்றையும் வெளியிலேயே உதறிவிடுங்க. ரோபோ பிடிக்க வேண்டியது அதற்கும் தப்பி வரும் மிச்சத்தை மட்டுமே.

ஈர மணலை ரோபோ உறிஞ்சவே கூடாது. அது குழாயிலும் ஃபில்டரிலும் சேறு மாதிரி ஒட்டிக்கொள்ளும், நாற்றமடிக்கும், மோட்டாருக்கும் கேடு. தரை நன்றாகக் காய்ந்த பிறகு ஓடவிடுங்க. அதேபோல மணல் கிடக்கும்போது முதலிலேயே மாப் துணியோடு ஓடவிடாதீங்க. ஈரத்துணியில் ஒட்டிய மணல், உப்புத்தாள் மாதிரி டைல்ஸின் பளபளப்பைத் தேய்த்துவிடும். முதலில் உறிஞ்சல், அப்புறம்தான் துடைப்பு.

உப்புக்காற்றும் ஈரமும்

கடலோரம் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. ஏசி வெளி யூனிட்டும் ஃபிரிட்ஜின் பின்பக்கமும் சீக்கிரமே துருப்பிடிப்பதைப் பார்த்திருப்பீங்க. ரோபோவில் முதலில் பாதிக்கப்படக்கூடியது, சார்ஜ் ஏறும் உலோகப் பட்டைகள். அவற்றில் உப்பு படிந்தால் ரோபோ சார்ஜரில் போய் நிற்கும், ஆனால் சார்ஜ் ஏறாது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்து ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் முன், சுவிட்சை அணைத்து, ரோபோவிலும் சார்ஜரிலும் உள்ள பட்டைகளை உலர்ந்த மென்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்க.

சார்ஜரைக் கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைக்க வேண்டாம். வெயில் நேரடியாகப் படாத, மழைச் சாரல் வராத உள்சுவர் ஓரம் நல்லது. முன்னால் ஒன்றரை மீட்டர் அளவுக்கு இடம் காலியாக இருந்தால் ரோபோ தடுமாறாமல் வந்து சேரும்.

கழுவக்கூடிய ஃபில்டர் என்று எழுதியிருந்தால் மட்டுமே கழுவுங்க. கழுவிய ஃபில்டர் நிழலில் முழுசாகக் காய ஒரு நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள்கூட ஆகலாம். அரைகுறை ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடிக்கும், உறிஞ்சும் திறனும் போய்விடும். வழி எளிது: ஃபில்டர் இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்க.

தண்ணீர்த் தொட்டியில் எதை ஊற்றுவது?

கடலோரப் பகுதிகளில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அதை ஊற்றினால் சின்ன துளைகளிலும் பம்பிலும் வெள்ளைப் படிவு கட்டி அடைத்துக்கொள்ளும். தொட்டி பெரும்பாலும் கால் லிட்டர் அளவுதான். கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றினால் பெரிய செலவில்லை.

பினாயில், பிளீச்சிங் பவுடர், ஆசிட் எதையும் தொட்டியில் ஊற்றாதீங்க. ரப்பர் பாகங்கள் கெடும், வாரண்டியும் கிடைக்காமல் போகலாம். கம்பெனி அனுமதித்த திரவம் என்றால் மட்டும், சொன்ன அளவில் கலக்கலாம். வேலை முடிந்ததும் மாப் துணியைக் கழற்றித் துவைத்து வெயிலில் காயப் போடுங்க. தொட்டியையும் காலி செய்துவிடுங்க.

எப்போது என்ன செய்வது?

* ஒவ்வொரு முறையும்: குப்பைப் பெட்டியைக் காலி செய்யுங்க. ஓடவிடும் முன் தரையில் கிடக்கும் சார்ஜர் ஒயர், பாய், நூல் தொங்கும் மிதியடி, காயப் போட்ட சேலையின் நுனி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்க.
* வாரம் ஒருமுறை: உருளை பிரஷைக் கழற்றி, சுற்றியிருக்கும் முடியையும் மல்லிகைச் சரத்தின் நாரையும் கத்தரித்து எடுங்க. பிரஷின் இரண்டு முனைகளிலும் முடி இறுகிக் கிடக்கும், அதை விட்டுவிடாதீங்க. ஃபில்டரைத் தட்டுங்க.
* இரண்டு வாரத்துக்கு ஒருமுறை: அடியில் உள்ள சென்சார்கள், சார்ஜ் பட்டைகளை உலர்ந்த துணியால் துடையுங்க. முன்சக்கரத்தை இழுத்துக் கழற்றி உள்ளே சிக்கிய முடி, மணலை எடுங்க. அதில் மணல் சேர்ந்தால் சக்கரம் உருளாமல் இழுபடும், தரையில் கீறல் விழும்.
* மூன்று முதல் ஆறு மாதம்: ஃபில்டர், ஓர பிரஷ் மாற்றுங்க. மணல் அதிகம் வரும் வீட்டில் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளலாம்.
* ஆறு மாதம் முதல் ஒரு வருடம்: உருளை பிரஷ் மாற்றுங்க.

லித்தியம் பேட்டரி காலப்போக்கில் திறன் குறையும். முன்பு வீடு முழுக்கச் சுற்றியது இப்போது பாதியிலேயே சார்ஜருக்கு ஓடுகிறது என்றால் பேட்டரி மாற்ற வேண்டிய நேரம். ஊர் பேர் தெரியாத மலிவு பேட்டரி வாங்க வேண்டாம். பேட்டரி உப்பினாலோ, அளவுக்கு மீறிச் சுட்டாலோ உடனே நிறுத்திவிடுங்க.

வார இறுதி வீடு, புயல் நாள்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு மட்டும் வந்து தங்கும் வீடுகள் நிறைய. வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில், மழைக்காலத்தில் மின்வெட்டும் மின்னலும் இருக்கும்போது சார்ஜரை ஆனில் விட்டுப் போவது நல்லதல்ல. சார்ஜ் ஏற்றி, ரோபோவின் சுவிட்சை அணைத்து, காற்றுப் புகாத டப்பாவிலோ அலமாரியிலோ வையுங்க. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபடி சார்ஜ் ஏற்றுங்க.

2022 டிசம்பர் 9-ம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கி, ரோபோவையும் சார்ஜரையும் உயரத்தில் தூக்கி வையுங்க. வெள்ளத்தில் நனைந்துவிட்டால் காய வைத்து ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். உப்புத் தண்ணீர் புகுந்த லித்தியம் பேட்டரி, நாள்கள் கழித்தும் தீப்பிடிக்கக்கூடும். சார்ஜ் போடாமல் வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு சர்வீஸ் சென்டரை அழையுங்க.

உங்கள் வீட்டின் வரைபடம் யாரிடம்?

கேமரா வைத்த ரோபோ வாங்கும் முன் இரண்டு சம்பவங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. சோதனைக்காகச் சில வீடுகளில் ஓடவிட்ட ரூம்பா மாடல்கள் எடுத்த படங்கள் இணையத்தில் கசிந்தன. கழிவறையில் இருந்த பெண் ஒருவரின் படமும் அதில் இருந்ததாக 2022-ல் எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ இதழ் வெளியிட்டது. 2024-ல் அமெரிக்காவில் சில வீடுகளின் எகோவேக்ஸ் ரோபோக்களை ஹேக்கர்கள் கைப்பற்றி, அவற்றின் ஸ்பீக்கர் வழியாகவே வசைபாடினர்.

நம்ம வீட்டுக்கு லேசர் போதும் என்றால் கேமரா இல்லாத மாடலே நிம்மதி. எதுவானாலும் ஆப்புக்குத் தனி பாஸ்வேர்டு வையுங்க, அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க. பழைய ரோபோவை விற்கும் முன் மேப்பை அழித்து ரீசெட் செய்யுங்க.

இன்னொன்று, ஆப் இல்லாமலும் பொத்தானை அழுத்தினால் ஓடுமா என்று பாருங்க. நியாட்டோ நிறுவனம் 2023-ல் மூடப்பட்டது. 2025-ல் அதன் கிளவுட் சேவையும் நிறுத்தப்பட, ரோபோக்களை மொபைலில் இயக்க முடியாமல் போனது. ரூம்பாவை உருவாக்கிய ஐரோபோட் நிறுவனமே 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பெரிய பெயர் மட்டும் உத்தரவாதம் ஆகாது.

சர்வீஸ்: பின்கோடு போட்டுப் பாருங்க

"சென்னையில் சர்வீஸ் உண்டு" என்று சொன்னால் அது நம்ம ஊர் வரை வரும் என்று அர்த்தமில்லை. செங்கல்பட்டு 603001, மாமல்லபுரம் 603104. உங்கள் பின்கோடைச் சொல்லி, ஆள் வீட்டுக்கு வருவாரா, கூரியரில் அனுப்பணுமா, அந்தச் செலவு யாருடையது என்று வாங்கும் முன்பே கேளுங்க. ஃபில்டர், பிரஷ், பேட்டரி மூன்றும் தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்றும் பாருங்க. வாரண்டியில் எது சேராது என்ற பகுதியைப் படியுங்க. பிரஷ், ஃபில்டர் போன்ற தேயும் பாகங்களும், தண்ணீர் புகுந்த சேதமும் பெரும்பாலும் சேராது.

பில்லைப் பத்திரமாக வையுங்க. கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் பிரச்னை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

கெட்டுப்போன ரோபோவையும் பேட்டரியையும் குப்பை வண்டியில் போடாதீங்க. நசுங்கினால் தீப்பிடிக்கும், தூய்மைப் பணியாளர்களுக்கு ஆபத்து. மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்க.

கரண்ட் பில் ஏறுமா?

பயப்படத் தேவையில்லை. 14.4 வோல்ட், 5,200 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி ஒருமுறை முழுசாக சார்ஜ் ஆக ஏறத்தாழ 0.1 யூனிட்தான் ஆகும். தினமும் ஓடவிட்டாலும் இரண்டு மாத பில்லில் சுமார் 6 யூனிட். சூடான காற்றால் துணியை உலர்த்தும் வசதி இருந்தால் மட்டும் இன்னும் கூடும்.

கடைசியாக, யார் வாங்கலாம்?

படிகள் குறைவான, தரையில் சாமான் அதிகம் பரப்பாத வீடு, இருவரும் வேலைக்குப் போகும் குடும்பம், தூசி அலர்ஜி உள்ளவர்கள், குனிய முடியாத பெரியவர்கள்: இவர்களுக்கு உபயோகமாக இருக்கும். பெரியவர்கள் நடமாடும் வீட்டில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து ஓடவிடுங்க. காலில் இடறினாலும், ஈரத் தரையில் வழுக்கினாலும் இடுப்பு எலும்பு முறியும் அபாயம் உண்டு.

அறைக்கு அறை உயரமான படி உள்ள பழைய வீடு, பாய் விரித்துத் தரையிலேயே புழங்கும் குடும்பம், வாரம் பத்து நிமிடம்கூட பிரஷைச் சுத்தம் செய்ய முடியாதவர்கள்: இவர்கள் இப்போதைக்கு அந்தப் பணத்தைச் சேமிக்கலாம். கையில் பிடித்து ஓட்டும் நல்ல வேக்யூம் ஒன்றே போதும்.

முடிவு எடுக்கும் முன் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்க. ஸ்கேலை எடுத்து நிலைப்படியையும் கட்டில் அடியையும் அளந்து மொபைலில் குறித்துக்கொள்ளுங்க. கடைக்காரர் பாஸ்கல் பற்றிப் பேச ஆரம்பித்ததும், அந்த இரண்டு எண்களைச் சொல்லுங்க. சரியான மாடலை அதுவே காட்டிக்கொடுக்கும்.